எட்டுப் பேரும் ஒரு மெழுகுவத்தியும்

கடலடிப் போர் – 7

1863 அக்டோபர் 15. காலை ஒன்பதரை மணி. உள்நாட்டுப் போரில் இருந்த அமெரிக்காவின் சார்ல்ஸ்டன் துறைமுகம். அங்கே நின்றிருந்த 'இந்தியன் சீஃப்' என்ற கப்பலுக்கு அடியில் புகுந்து மறுபக்கம் எழுந்து காட்டுவதாகச் சொல்லி முழுகிய இரும்புப் படகு எழவில்லை. சென்ற வாரம் அங்கேதான் விட்டோம்.

உள்ளே இருந்தவர்கள் எட்டுப் பேர். ஒருவர் ஹொரேஸ் ஹன்லி. அந்தப் படகு உருவாகப் பணம் போட்டவர். இதற்கு முன் ஆகஸ்டு மாதத்தில் கரையோரத்திலேயே அது முழுகி ஐந்து பேர் இறந்திருந்தார்கள். ஆக, எதிரியின் ஒரு துடுப்பைக்கூட உரசாத படகு சொந்த ஆட்கள் பதின்மூன்று பேரைக் காவு வாங்கிவிட்டது.

படகைப் பற்றி இன்னொரு முறை சொல்லிவிடுகிறேன். அதன் உட்புறம் மனக்கண்ணில் இருந்தால்தான் இந்த வாரக் கதை புரியும். நீளம் சுமார் 40 அடி. உள்ளே நாலு அடி உயரம், அகலம் அதைவிடக் குறைவு. நிமிர்ந்து நிற்க வழியில்லை. இடப்பக்கச் சுவரோடு ஒட்டிய பலகையில் ஏழு பேர் தோளோடு தோள் உரச உட்கார வேண்டும். அவர்கள் முன்னால் வளைந்து வளைந்து போகும் ஒரு நீண்ட இரும்புத் தண்டு. அதைக் கையால் சுற்றினால் பின்னால் இருக்கும் விசிறி சுற்றும், படகு நகரும். நீராவி கிடையாது. மின்சாரம் கிடையாது. மனிதக் கைதான் எஞ்சின்.

எட்டாவது ஆள் முன்னால். அவர்தான் தலைவர். சுக்கானும், படகை முழுக வைக்கும் துடுப்புகளின் நெம்புகோலும் அவர் கையில். முன்னும் பின்னும் இரண்டு தண்ணீர்த் தொட்டிகள். குழாயைத் திறந்து கடல்நீரை உள்ளே விட்டால் படகு கனத்து இறங்கும். கைப்பம்பால் இறைத்துக் கொட்டினால் ஏறும்.

வெளிச்சத்துக்கு ஒரு மெழுகுவத்தி.

*

மூன்று வாரம் போராடித்தான் அதை மேலே இழுத்தார்கள். மூடியைத் திறந்தபோது அருகில் நின்றவர்களில் தளபதி போரகார்டும் ஒருவர். சார்ல்ஸ்டனின் பாதுகாப்பு முழுவதும் அவர் பொறுப்பில் இருந்தது. எத்தனையோ போர்க்களங்களைக் கண்ட மனிதர். அன்று பார்த்ததை விவரிக்கச் சொல்லில்லை என்று பின்னாளில் எழுதினார்.

ஹன்லி முன்பக்க மூடிக்குக் கீழே இருந்தார். வலக்கை மேலே, மூடியைத் தள்ளிய நிலையில். இடக்கையில் மெழுகுவத்தி. ஏற்றாத மெழுகுவத்தி.

அந்த மெழுகுவத்தியை வைத்துத்தான் நடந்ததைப் படித்தார் அலெக்சாண்டர். மொபைல் நகரத்துப் பட்டறையில் இந்தப் படகைக் கட்டிய பொறியாளர் அவர். முன்தொட்டியின் குழாய் திறந்தே கிடந்தது. அதைத் திருகும் சாவி கழன்று தரையில் கிடந்தது. தொட்டியின் சுவர் கூரை வரை எட்டாது. நிரம்பினால் தண்ணீர் வழிந்து ஆட்கள் இருக்கும் இடத்துக்கே வந்துவிடும். தண்ணீரை உள்ளே விட்ட ஹன்லி வத்தியை ஏற்றப் போயிருக்கிறார். அதற்குள் இருட்டு. இருட்டில் குழாயை மூட மறந்திருக்கிறார், அல்லது கையிலிருந்து நழுவிய சாவியைத் தேடியிருக்கிறார். எட்டு உயிர் போக அவ்வளவு போதுமாக இருந்தது.

இனி இந்தப் படகு வேண்டாம் என்றார் போரகார்ட்.

கதை அங்கேயே முடிந்திருக்க வேண்டும். முடியவிடாமல் பிடித்து நிறுத்தினார் ஓர் இளைஞர். பெயர் ஜார்ஜ் டிக்ஸன். லெப்டினன்ட். கடற்படைக்காரர்கூட இல்லை, தரைப்படை. 1862 ஏப்ரல் 6-ம் தேதி ஷைலோ போர்க்களத்தில் தொடையில் சுடப்பட்டவர். சட்டைப் பையிலோ கால்சட்டைப் பையிலோ இருந்த தங்கக் காசில் குண்டு பட்டு, காசு வளைந்து, அவர் பிழைத்தார் என்று ஊரில் ஒரு கதை. காதலி கொடுத்த காசு என்றும் சொன்னார்கள். அது வெறும் கதையா, நடந்ததா என்று தெரிய 139 வருடம் ஆனது. அந்தக் காசைத் தேடி பின்னொரு வாரம் போவோம்.

டிக்ஸனும் அலெக்சாண்டரும் போரகார்டிடம் போய் மன்றாடினார்கள். படகில் குறையில்லை, கையாண்ட விதத்தில்தான் குறை என்பது அவர்கள் வாதம். கடைசியில் தளபதி இறங்கி வந்தார், நிபந்தனைகளோடு. தானாக முன்வருபவர்களை மட்டுமே சேர்க்க வேண்டும். படகின் முழு வரலாற்றையும் மறைக்காமல் அவர்களிடம் சொன்ன பிறகே சேர்க்க வேண்டும். தாக்கும்போது முழுகிப் போகாமல் நீர்மட்டத்தோடு போக வேண்டும்.

*

பதின்மூன்று பேரைத் தின்ற ஒன்றை ஒரு தளபதி ஏன் மறுபடியும் கடலில் இறக்கினார்?

கழுத்தில் கயிறு இறுகிக்கொண்டிருந்தது, அதனால். 1861 ஏப்ரலில் லிங்கன் தெற்கு மாநிலங்களின் துறைமுகங்கள் அத்தனையையும் முற்றுகையிட உத்தரவிட்டார். தெற்கின் செல்வம் பருத்தி. பருத்தி கப்பலேற வேண்டும், துப்பாக்கியும் மருந்தும் கப்பலில் வர வேண்டும். இரண்டும் நின்றால் போர் நின்றுவிடும். சார்ல்ஸ்டன் வாயிலில் வடக்கின் கப்பல்கள் இரவும் பகலும் வரிசைகட்டி நின்றன.

இந்த முற்றுகை நம்முடைய கரிசல் காட்டையும் தொட்டது. அமெரிக்கப் பஞ்சு வராமல் லங்காஷயர் ஆலைகள் மூடிக் கிடந்தபோது இங்கிலாந்து இந்தியாவைத் திரும்பிப் பார்த்தது. பஞ்சு விலை ஏறியது. திருநெல்வேலிச் சீமைப் பருத்தி தூத்துக்குடியில் கப்பலேறியது. போர் முடிந்ததும் விலை சரிந்தது.

இன்னொன்றையும் சொல்லாமல் இந்தக் கதையைச் சொல்வது தவறு. தெற்கு எதற்காகப் போரிட்டது? அடிமைமுறையைக் காப்பாற்ற. 1860-ல் தென் கரோலினா மாநிலத்தின் மக்களில் பாதிக்கு மேற்பட்டோர் அடிமைகள். டிக்ஸனின் துணிச்சலை எழுதும் கை, அது யாருக்காகச் செலவானது என்பதையும் எழுத வேண்டும்.

அதே சார்ல்ஸ்டன் துறைமுகத்தில் இன்னொரு துணிச்சலும் நடந்தது. 1862 மே 13, விடிவதற்கு முன். ராபர்ட் ஸ்மால்ஸ் என்ற அடிமை, தான் வேலை பார்த்த 'பிளான்டர்' என்ற தெற்கின் ராணுவக் கப்பலைத் தன் கூட்டாளிகளையும் குடும்பத்தாரையும் ஏற்றிக்கொண்டு ஓட்டிப் போனார். கேப்டனின் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டார். ஒவ்வொரு கோட்டையைக் கடக்கும்போதும் சரியான சங்கேதத்தை ஊதினார். வடக்கின் கப்பல்களிடம் போய் வெள்ளைத் துணியைக் காட்டினார். ஏறியவர்கள் எல்லோரும் அன்றைக்கு விடுதலை ஆனார்கள்.

இந்த இரண்டையும் சேர்த்தே மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இன்றைய கதையின் நடுவில் இன்னொரு கறுப்பு மனிதர் வருகிறார்.

*

ஆட்கள் எங்கே கிடைத்தார்கள் தெரியுமா? 'இந்தியன் சீஃப்' கப்பலில். எந்தக் கப்பலுக்கு அடியில் ஹன்லி செத்தாரோ அதே கப்பல். அங்கிருந்த மாலுமிகளிடம் டிக்ஸன் ஒன்றையும் மறைக்கவில்லை. அவர்களிடம் மறைக்கவும் முடியாது. அக்டோபரில் நடந்ததை அந்தத் தளத்தில் நின்றே அறிந்தவர்கள். ஆனாலும் வந்தார்கள்.

பிற்காலத்தில் எலும்புகளை ஆராய்ந்தவர்கள், கடைசிப் பயணத்தில் இருந்த எட்டுப் பேரில் நாலு பேர் ஐரோப்பாவில் பிறந்தவர்கள் என்று கண்டுபிடித்தார்கள். அடிமை வைத்திருந்த பண்ணையார்கள் யாரும் அந்தத் தண்டைச் சுற்ற வரவில்லை. சுற்றியவர்கள் கூலிக்குக் கடலில் திரிந்த சாதாரண மாலுமிகள்.

*

இப்போது ஆயுதம்.

டார்பீடோ என்றதும் தானாகவே நீரைக் கிழித்து ஓடும் ஒன்று நம் நினைவுக்கு வரும். அன்றைக்கு அது கிடையாது. டார்பீடோ என்பது தொட்டால் மின்னதிர்ச்சி தரும் திருக்கை மீனின் லத்தீன் பெயர். நீருக்கடியில் வெடிக்கும் எதையும் அந்தப் பெயரால் அழைத்தார்கள்.

முதலில் போட்ட திட்டம் இது: வெடிமருந்துக் கலத்தை நீளமான கயிற்றில் கட்டிப் பின்னால் இழுத்துக்கொண்டு போவது. படகு எதிரிக் கப்பலின் அடியில் முழுகி மறுபக்கம் போகும். பின்னால் வரும் கலம் இந்தப் பக்கம் கப்பலில் இடித்து வெடிக்கும். மொபைல் ஆற்றில் ஒரு பழைய தோணியை வைத்துச் சோதித்தபோது அற்புதமாக வேலை செய்தது. சார்ல்ஸ்டன் கடலில் எடுபடவில்லை. ஆழம் போதாது, கப்பலுக்கும் தரைக்கும் நடுவில் படகு நுழைய இடமில்லை. அலையில் கலம் கயிற்றோடு ஊசலாடி, இழுத்துப் போகிறவர்கள் மேலேயே வந்து மோதப் பார்த்தது.

கயிற்றை விட்டுவிட்டுக் கம்பத்துக்கு வந்தார்கள். படகின் மூக்கில், கீழ்ப்பக்கமாக, சுமார் 16 அடி நீள இரும்புக் கம்பம். அதன் நுனியில் செப்புக் கலம். கலத்துக்குள் 61 கிலோ கருமருந்து. கம்பத்தைக் கப்பலின் வயிற்றில், நீர்மட்டத்துக்குக் கீழே கொண்டுபோய் முட்ட வேண்டும். ஈட்டியை எறியாமல் கையில் பிடித்தபடியே குத்துவது போல.

நுனியில் ஒரு கொக்கி இருந்தது, கலத்தைக் கப்பலின் மரத்தில் குத்திவிட்டுப் படகு பின்வாங்கும், தூரம் போனபின் கயிற்றை இழுத்து வெடிக்க வைப்பார்கள் என்று வரலாற்றாளர்கள் வெகுகாலம் நம்பினார்கள். படித்தவர்களுக்கும் அது ஆறுதலாக இருந்தது. தப்பிக்க ஒரு வழி வைத்திருந்தார்களே என்று.

2013-ல் அந்தக் கம்பத்தின் நுனியில் கெட்டிப்பட்டிருந்த கடல்படிவைச் சுரண்டி எடுத்தார்கள். உள்ளே செப்புத் தகடு. வாழைப்பழத் தோல் போலப் பின்பக்கம் சுருண்டு கிடந்தது. கலத்தின் மிச்சம் அது. கம்பத்தோடு இறுகப் பூட்டப்பட்டிருந்தது. கழற்றிவிடும் ஏற்பாடு எதுவும் இல்லை.

61 கிலோ மருந்து வெடித்தபோது படகு இருந்த தூரம், அந்தக் கம்பத்தின் நீளம். பதினாறு அடி. நம் வீட்டு முன்னறையின் ஒரு சுவரிலிருந்து எதிர்ச்சுவர் வரை.

*

குளிர்காலம் முழுக்க ஒரே வேலை. அலெக்சாண்டர் முதுமையில் அதை வரி வரியாக எழுதி வைத்தார். அவர் எழுதாமல் போயிருந்தால் இந்த ஆட்களைப் பற்றி நமக்கு ஒன்றுமே தெரிந்திருக்காது.

தங்கியது மவுன்ட் பிளசன்ட் என்ற ஊரில். படகு கட்டிக் கிடந்தது சல்லிவன் தீவின் கோடியில், மார்ஷல் பீரங்கி மேட்டுக்குப் பின்னால். நடுவில் ஏழு மைல். மதியத்துக்கு மேல் கடற்கரை மணலில் நடந்து வருவார்கள். இரண்டு மணி நேரம் படகோட்டிப் பயிற்சி. பிறகு டிக்ஸனும் அலெக்சாண்டரும் மணலில் குப்புறப் படுத்து, திசைகாட்டியை முன்னால் வைத்து, எதிரிக் கப்பல்கள் இரவுக்கு எங்கெங்கே நங்கூரம் போடுகின்றன என்று குறித்துக்கொள்வார்கள். இருட்டியதும் கலத்தை மாட்டிக்கொண்டு, கடல் வற்றும் வேகத்தோடு வெளியே போவார்கள். தண்டு சுற்றிச் சுற்றிக் கை மரத்துப் போகும். கிட்டத்தில் ஒரு கப்பலும் அகப்படாது. காற்று எதிர்க்கும். விடியப் போகிறது என்று திரும்புவார்கள். கலத்தைக் கழற்றிப் பத்திரப்படுத்திவிட்டு மறுபடி ஏழு மைல் நடை. போய்த்தான் காலைச் சாப்பாட்டைச் சமைக்க வேண்டும்.

வாரத்தில் சராசரி நாலு இரவு. இப்படியே மாதக்கணக்கில்.

அலையும் காற்றும் விடாததால் அவர்களுக்கு ஒரு கேள்வி எழுந்தது. எதிரி கண்டுவிட்டால் அடியில் போய்ப் படுத்துக்கிடக்க வேண்டி வரலாம். எவ்வளவு நேரம் கிடக்க முடியும்? சோதித்துப் பார்த்துவிடுவது என்று முடிவு செய்தார்கள்.

ஒரு மாலை, கரையோரத்தில் கடிகாரங்களை ஒத்துப் பார்த்துக்கொண்டு முழுகினார்கள். உடன்பாடு ஒன்றே ஒன்று: எட்டுப் பேரில் யார் 'மேலே' என்று சொன்னாலும் அந்த நொடியே ஏறிவிட வேண்டும். தலைவன், தொண்டன் பேதமில்லை.

படகு சேற்றில் அமர்ந்தது. வத்தி எரிந்தது. இருபத்தைந்து நிமிடத்தில் சுடர் சுருங்கி அணைந்தது. மறுபடி ஏற்ற முடியவில்லை. உள்ளே இருந்த காற்றில் ஒரு சுடருக்குக்கூட உயிர் மிச்சம் இல்லை. மனிதர்கள் மட்டும் மூச்சுவிட்டுக்கொண்டிருந்தார்கள்.

கும்மிருட்டு. யாரும் பேசவில்லை. பேசினால் மூச்சு செலவாகும். எப்போதாவது ஒரு குரல், 'எப்படி இருக்கிறது?' என்று. அவ்வளவுதான். கடிகாரத்தைப் பார்க்க முடியாது. பக்கத்தில் இருப்பவனின் விலா அசைவதை மட்டும் உணர முடியும்.

திடீரென்று, பேசி வைத்துக்கொண்டதுபோல் ஒரே நேரத்தில் எல்லோர் வாயிலிருந்தும் அந்தச் சொல் வந்தது: 'மேலே!'

முன்பம்பை டிக்ஸன் அடித்தார், பின்பம்பை அலெக்சாண்டர். முன்பக்கம் எழுந்தது. பின்பக்கம் எழவில்லை. அலெக்சாண்டரின் பம்பு வெறுங்காற்றை அடித்தது, தண்ணீரைத் தூக்கவில்லை. படகு மூக்கைத் தூக்கிக்கொண்டு சாய்ந்தது. அக்டோபர் மாதத்துப் படகு எல்லோர் நினைவிலும் வந்திருக்கும்.

அலெக்சாண்டருக்கு அந்தப் பம்பின் ஒவ்வொரு திருகும் மனப்பாடம். தான் கட்டியதல்லவா! இருட்டில் தடவித்தடவி மூடியைக் கழற்றினார். வால்வைத் தூக்கினார். விரலை விட்டுத் துழாவினார். ஒரு பிடி கடற்பாசி வந்தது. அதை இழுத்தெறிந்துவிட்டு அடித்தார். பின்பக்கமும் எழுந்தது.

மூடிகளைத் திறந்தபோது வெளியே இரவு. துறையில் ஒரே ஒரு சிப்பாய் நின்றிருந்தான். மற்றவர்கள் எல்லோரும் இவர்கள் செத்துவிட்டதாக முடிவுசெய்து போயிருந்தார்கள். தளபதிக்கும் அப்படியே சேதி போயிருந்தது. தீக்குச்சி கிழித்துக் கடிகாரத்தைப் பார்த்தார்கள்.

இரண்டு மணி 35 நிமிடம்.

*

பிப்ரவரி 5-ம் தேதி அலெக்சாண்டருக்கு மொபைலிலிருந்து உத்தரவு வந்தது. அங்கே துப்பாக்கி செய்யும் வேலைக்கு அவர் தேவையாம். கிளம்பிப் போனார். பம்பின் ஒவ்வொரு திருகையும் அறிந்த கை படகைவிட்டு இறங்கியது. அவர் இடத்துக்கு வேறொருவர் வந்தார்.

பன்னிரண்டு நாள் கழித்துக் காற்று அடங்கியது.

1864 பிப்ரவரி 17, புதன்கிழமை. கடல் தட்டையாகக் கிடந்தது. நல்ல நிலவு. ஒளிந்து போகிறவர்களுக்கு நிலவு பகைதான். ஆனால் இப்படி ஒரு அமைதியான கடல் இன்னொரு முறை எப்போது வாய்க்கும்?

குறி வைத்தது 'ஹூசடோனிக்' என்ற கப்பலை. 1,240 டன். 200 அடிக்கு மேல் நீளம். உள்ளே 150-க்கும் மேற்பட்ட ஆட்கள். இரும்புக்கவசக் கப்பல்களைச் சுற்றி அதற்குள் சங்கிலியும் வலையும் கட்டிவிட்டார்கள். முந்தைய அக்டோபரில் 'டேவிட்' என்ற கம்பப் படகு 'நியூ அயர்ன்சைட்ஸ்' கப்பலைத் தாக்கியதிலிருந்து அந்த எச்சரிக்கை. முழுகிப் போகும் படகு ஒன்று இருப்பதாகவும் வடக்குக்குத் துப்பு கிடைத்திருந்தது. அதனால் டிக்ஸன் வெளிவரிசையில் தனியே நின்ற மரக்கப்பலைத் தேர்ந்தெடுத்தார். அதைச் சுற்றி வலை இல்லை.

கரையோடு ஓர் ஏற்பாடு செய்துகொண்டார். வேலை முடிந்து திரும்பும்போது நீல விளக்கைக் காட்டுவேன். பார்த்ததும் மேட்டில் விளக்கேற்றி வழிகாட்ட வேண்டும்.

பிறகு எட்டுப் பேரும் ஒவ்வொருவராகத் தோளைச் சாய்த்து அந்தக் குறுகிய வாயில் வழியாக இறங்கினார்கள். மூடி விழுந்தது.

*

ஹூசடோனிக்கின் முன்தளம். வலப்பக்கக் காவலில் ராபர்ட் ஃப்ளெமிங். வடக்குக் கடற்படையில் சேர்ந்திருந்த கறுப்பு மாலுமி. நான் சொன்ன மனிதர் இவர்தான்.

இரவு எட்டே முக்கால் இருக்கும். நிலவொளியில் தண்ணீரில் ஏதோ வருவதை அவர் பார்த்தார். முன்தளத்துப் பொறுப்பதிகாரியிடம் சொன்னார். அதிகாரி எட்டிப் பார்த்துவிட்டு, அது மரக்கட்டை என்றார்.

ஃப்ளெமிங் விடவில்லை. கட்டை என்றால் நீரோட்டத்தோடு அல்லவா போகும்? நம் மீனவர்கள் நீவாடு என்பார்களே, அந்த ஓட்டத்தின் போக்கில். இது ஓட்டத்தைக் குறுக்கே வெட்டிக்கொண்டு வருகிறது. உயிருள்ள ஏதோ அதைத் தள்ளுகிறது.

ஒரு கடைநிலை மாலுமி தன் அதிகாரியின் வார்த்தையை மறுத்துச் சொன்ன அந்த வாக்கியத்தில் கடல் தெரிந்த மனிதனின் மொத்த அறிவும் இருக்கிறது. விசாரணை மன்றத்தில் அவர் கொடுத்த சாட்சியமாக அது இன்றும் பதிவில் உள்ளது. அதிகாரி தூரக்கண்ணாடியை எடுத்துப் பார்த்தார். மறுநொடி பின்பக்கம் ஓடினார்.

ஏறக்குறைய அதே நேரத்தில் மேல்தளக் காவல் பொறுப்பில் இருந்த ஜான் கிராஸ்பியும் அதைப் பார்த்துவிட்டார். நூறு கஜத்துக்குள். முதலில் ஓங்கில் மீன் என்று நினைத்தார். மூச்சுவிட எழும் ஓங்கில் திரும்ப முழுக வேண்டும். இது முழுகவில்லை.

மணி அடித்தது. ஆட்கள் படுக்கையிலிருந்து எழுந்து ஓடிவந்தார்கள். பீரங்கியைத் திருப்பினார்கள். வாய் அவ்வளவு கீழே இறங்கவில்லை. படகு அதற்குள் மிக அருகில் வந்துவிட்டது. நங்கூரச் சங்கிலியை அவிழ்த்துவிட்டு எஞ்சினைப் பின்னோக்கி ஓடவிட்டார்கள். கேப்டன் பிக்கரிங் தன் இரட்டைக்குழல் துப்பாக்கியோடு வந்து, தண்ணீரில் தெரிந்த அந்த மேடுகளைக் குறிபார்த்துச் சுட்டார். மற்றவர்களும் சுட்டார்கள். குண்டுகள் இரும்பில் பட்டுத் தெறித்தன.

படகுக்குள் என்ன கேட்டிருக்கும்? தகரக் கூரையில் கல் விழுவதுபோல் ஒரு சத்தம். ஏழு பேருக்கு வெளியே நடப்பது எதுவும் தெரியாது. சன்னலோரம் டிக்ஸன் ஒருவர் மட்டும். அவர் சொல்வதைக் கேட்டுச் சுற்ற வேண்டும்.

கண்ணில் பட்டதிலிருந்து வந்து மோதியது வரை இரண்டு நிமிடம் என்று கிராஸ்பி கணக்குச் சொன்னார்.

வெடித்தது.

பெரிய முழக்கம் எதுவும் இல்லை என்று பிழைத்தவர்கள் சொன்னார்கள். தண்ணீர் வானுக்கு எழவில்லை. தீப்பிழம்பு இல்லை. இன்னொரு கப்பல் வந்து இடித்தது போன்ற ஒரு நொறுங்கல், அவ்வளவுதான். வலப்பக்கப் பின்பகுதி பிய்ந்து போயிருந்தது. பின்பக்கமாகவே கப்பல் இறங்கியது. ஐந்து நிமிடத்துக்குள் தரையில் போய் உட்கார்ந்தது.

கடல் அங்கே முப்பது அடிக்கும் குறைவு. அதனால் பாய்மரங்கள் நீருக்கு மேலே நின்றன. ஆட்கள் கயிறுகளைப் பற்றி ஏறித் தொங்கினார்கள். ஐந்து பேர் இறந்தார்கள். மற்றவர்களை 'கனன்டைகுவா' என்ற கப்பல் வந்து மீட்டது.

மனித வரலாற்றில் முதல் தடவையாக ஒரு நீர்மூழ்கி எதிரிப் போர்க்கப்பலை மூழ்கடித்திருந்தது.

*

ஃப்ளெமிங் அப்போது முன்பாய்மரத்துக் கயிற்றில் இருந்தார். உதவிக்கு வரும் கனன்டைகுவாவைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கப்பலுக்குச் சற்று முன்னால், தண்ணீரின் மேல், ஒரு நீல ஒளியைக் கண்டார். இதையும் விசாரணையில் சொன்னார்.

கரையில் மார்ஷல் மேட்டிலிருந்தவர்களும், பேசி வைத்திருந்த சமிக்ஞையைக் கண்டு பதில் விளக்கு காட்டியதாக அறிக்கை அனுப்பினார்கள். எதிரெதிர்த் தரப்பு. ஒருவர் சொன்னது மற்றவருக்குத் தெரிய வழியில்லை. இரண்டு பேரும் ஒரே விளக்கைச் சொல்கிறார்கள்.

அப்படியானால் வெடிப்புக்குப் பிறகும் படகில் உயிர் இருந்தது. யாரோ ஒருவர் மூடியைத் திறந்து, குளிர்ந்த காற்றை முகத்தில் வாங்கி, கையைத் தூக்கி விளக்கைக் காட்டியிருக்கிறார்.

மேட்டில் வெளிச்சத்தோடு காத்திருந்தார்கள். கடல் வற்றி முடிந்து ஏறத் தொடங்கும் நேரம். அந்த ஏற்றத்தில்தான் டிக்ஸன் எப்போதும் திரும்பி வருவார். நள்ளிரவு ஆனது. விடிந்தது. படகு கட்டும் துறை காலியாகக் கிடந்தது.

தாங்கள் ஒரு கப்பலை மூழ்கடித்துவிட்டோம் என்பதே தெற்குக்குச் சுமார் பத்து நாள் கழித்து, பிடிபட்ட வடக்குப் படகுக்காரர்கள் சொல்லித்தான் உறுதியானது. படகும் ஆட்களும் பத்திரமாக இருப்பதாக ஊர்ப் பத்திரிகை ஒன்று எழுதியது. அது பொய்.

பிற்பாடு தேடியவர்களில் பலர் ஹூசடோனிக்குக்கும் கரைக்கும் நடுவில் தேடினார்கள். அதுதானே வீட்டுக்கு வரும் வழி? தூண்டிலும் சங்கிலியும் போட்டுத் தரையை அரித்தார்கள். கிடைக்கவில்லை. தலைமுறைகள் போயின.

1995-ல் கிடைத்தது. ஹூசடோனிக்குக்கு அந்தப் பக்கம், ஆழ்கடல் பக்கம், மணலுக்குள் வலது விலாவைக் கீழே வைத்துப் படுத்திருந்தது. உள்ளே எட்டுப் பேரும் அவரவர் இடத்தில் இருந்தார்கள். யாரும் மூடியை நோக்கி ஓடவில்லை. யாரும் தண்ணீரை இறைக்கப் பம்பைத் திருப்பி வைக்கவில்லை. ஹன்லியின் ஆட்கள் மாதிரி முண்டியடித்த அடையாளம் எதுவும் இல்லை.

விளக்கைக் காட்டியவர்கள் ஏன் கரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கடலுக்குள் இருந்தார்கள்? மூச்சுத் திணறும்போது 'மேலே' என்று சொல்லப் பழகிய அந்தக் குழுவில் ஒருவர்கூட அன்று ஏன் அதைச் சொல்லவில்லை?

2000 ஆகஸ்டு 8-ம் தேதி அந்தப் படகைத் தூக்கினார்கள். அடுத்த வாரம் அதன் உள்ளே இறங்குவோம்.